சாப்பிட்டீர்களா என்று கேட்டவன்

முகம் தெரியாத ஒருவனிடம் என் சாவியைக் கொடுத்தேன். சாப்பிட்டீர்களா என்று அவன் என்னைக் கேட்டான், அதனால் கொடுத்தேன். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று பல வாரம் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை. இருபது வருடத்துக்கு மேல் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்துகிறவன் நான். பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வரும் திருட்டுப் போன்களை எடுத்து, "கொஞ்சம் இருங்க, கார்டைத் தேடறேன்" என்று அரை மணி நேரம் காக்க வைத்து மகிழ்ந்தவன். அப்படிப்பட்டவன், காலையில் இட்லியா தோசையா என்று ஒருவன் விசாரித்ததும் விழுந்துவிட்டேன்.

வீட்டுச் சாவியாக இருந்தால் பரவாயில்லை. கோட்டுச்சேரியில் என் வீட்டைத் திறந்து உள்ளே போகிறவனுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், நாலு நாள் துவைக்காத சட்டைகளும், என்னைவிட அந்த வீட்டில் அதிக உரிமை கொண்டாடும் ஒரு பல்லியும் கிடைக்கும். நான் கொடுத்தது வேறு சாவி.

முன்பெல்லாம் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவை வைத்திருந்தது நினைவிருக்கும். இங்கே தட்டச்சு செய்த பாகப்பிரிவினைப் பத்திரத்தை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால், யாரோ கோபத்தில் விசைப்பலகையை மிதித்தது மாதிரி கிறுக்கலாக வரும். சென்னையில் வேலையில் இருந்தபோது ஒரு பொங்கல் விடுமுறையில், ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத கடுப்பில், அந்தக் கிறுக்கலைப் படிக்கிற தமிழாக மாற்றும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். வடிகட்டி என்று பெயர் வைத்தேன். எழுதும்போது கையில் டீ இருந்தது, பெயருக்கு அதற்கு மேல் ஆராய்ச்சி இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் இலவசமாக வைத்துவிட்டு மறந்துபோனேன்.

மற்றவர்கள் மறக்கவில்லை. பதிப்பகங்கள் எடுத்துக்கொண்டன. ஒரு நூலகம் எடுத்துக்கொண்டது. வேறு நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலுக்குள் இதை வைத்துக்கொண்டார்கள், அவர்களுடையதை இன்னும் சிலர் தங்களுடையதற்குள் வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் நான் ஒருத்தன், லுங்கியோடு. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பதால் யாராவது பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஊருக்கு வந்தேன். அவர் போன பிறகும் இருந்துவிட்டேன். சென்னைக் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் என்ன வேலை என்று கேட்டார்கள், சொன்னேன். மீதி நேரத்தில் நிரல் எழுதி எல்லோருக்கும் சும்மா கொடுக்கிறேன் என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை விட்டிருக்கலாம்.

காலை பத்து மணிக்குக் கம்பெனி மீட்டிங். அதில் நான் பேசுவது ஒரே வரி. நேற்று செய்ததையே இன்றும் செய்கிறேன் என்பதை ஆங்கிலத்தில் சொல்வேன். மத்தியானம் மெயின் ரோட்டு மெஸ்ஸில் சாப்பாடு. மெஸ்காரர், "சாப்டாச்சா சார்?" என்று கேட்பார். அக்கறை என்று முதல் மாதம் நினைத்திருந்தேன். "சாப்டாச்சுன்னா எந்திரிங்க, ஆள் நிக்கிது" என்பது அதன் தொடர்ச்சி. அதற்குப் பிறகு மறுநாள் பத்து மணி வரை என் வாய்க்கு வேலை இல்லை. சில நாள் பல்லியிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். அது காது கொடுக்காது.

விதிவிலக்கு சனிக்கிழமை. சனிக்கிழமை பஸ் பிடித்துக் காரைக்கால் போவேன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லாத்தாவைப் பார்க்க. லாத்தா என்றால் அக்கா. அந்தத் தெருவே அப்படித்தான் கூப்பிடும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பம், ரேஷன் கார்டு திருத்தம், வளைகுடா வேலைக்குப் போகிறவர்களின் சான்றிதழ் நகல் எல்லாம் அங்கேதான். பழைய பத்திரங்களைப் பென்டிரைவில் கொண்டுவருகிறவர்களுக்காக என் வடிகட்டியையும் அவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்தேன். என் நிரலைப் பயன்படுத்துகிறவர்களில் நான் நேரில் பார்த்த ஒரே மனிதர் அவர்தான்.

கடைக்கு வருகிற எல்லோரையும் லாத்தா சார் என்பார், மேடம் என்பார். மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வருகிற கோட்டுச்சேரிமேட்டுக்காரரும் சார்தான். என்னை மட்டும் தம்பி என்பார். எனக்காக ஓரமாக ஒரு ஸ்டூல் உண்டு. இஞ்சி டீ உண்டு. ஊரில் என்னைத் தம்பி என்று கூப்பிட மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்.

அவரிடம் ஒரு வழக்கம். யாருடைய பாஸ்போர்ட்டையோ ஆதாரையோ ஸ்கேன் செய்து வேலை முடிந்ததும், திரையை அவர்கள் பக்கம் திருப்புவார். அவர்கள் கண் முன்னால் அந்தக் கோப்பை அழிப்பார். குப்பைத் தொட்டியையும் திறந்து காலி செய்வார். "பாத்துக்குங்க, அழிச்சாச்சு" என்பார். பக்கத்தில் இருக்கும் மற்றக் கடைகளில் யாரும் இதைச் செய்வதில்லை. வரிசை நீளும்போதும் அவர் இதை விடமாட்டார்.

"எதுக்கு லாத்தா ஒவ்வொருத்தருக்கும் காமிச்சுக்கிட்டு? சாயங்காலம் மொத்தமா அழிச்சிடலாமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது எனக்குத் தெரியும் தம்பி. அவுங்களுக்குத் தெரிய வேணாமா? நம்பி நம்ம கையில ஒப்படைச்சுட்டுப் போற பொருள், அமானிதம் இது. ஒப்படைச்சுட்டேன்னு அவுங்க கண்ணால பாக்கணும்."

இந்த மாதிரி நேரத்தில்தான் அவன் வந்தான்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினான். ஒரு குறிப்பிட்ட பழைய எழுத்துருவில் ஒற்றுப் புள்ளி காணாமல் போகிற பிழை. மூன்று வருடமாக எனக்குத் தெரியும், சோம்பலில் விட்டிருந்தேன். அழகாகச் சரிசெய்திருந்தான். கூடவே தமிழில் ஒரு குறிப்பு. "வணக்கம் அண்ணே. உங்க நிரலைப் பாத்துதான் நான் கத்துக்கிட்டேன்." அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பல்லிக்கும் படித்துக் காட்டினேன்.

அடுத்த திருத்தம், அதற்கடுத்த திருத்தம். ஒவ்வொரு கடிதமும் ஒரே மாதிரி தொடங்கும். "சாப்பிட்டீங்களா அண்ணே?" பிறகுதான் வேலை. நானும் விவரமாகப் பதில் எழுத ஆரம்பித்தேன். இன்றைக்கு மெஸ்ஸில் வாழைக்காய்ப் பொரியல், உப்பு தூக்கல் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். நிரல் பற்றிய கடிதங்கள் அவை. பின்னால் விசாரணைக்கு யாராவது எடுத்துப் படித்தால் பாதிக்கு மேல் பொரியல்தான் இருக்கும்.

எந்த ஊர் என்று ஒருதரம் கேட்டேன். "நம்ம பக்கம்தான் அண்ணே" என்றான். நம்ம பக்கம் என்றால் எந்தப் பக்கம், யார் வீடு, எந்தத் தெரு என்று அடுத்து கேட்டிருக்க வேண்டும். நேரில் பார்க்கிற எவரிடமும் நாம் அதைக் கேட்காமல் விடுவதில்லை. இவனிடம் கேட்கவில்லை. நம்ம பக்கம் என்று ஒருத்தன் சொன்ன பிறகும் துருவினால், சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும், மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

முதல் ஆறு மாதம் அவன் அனுப்பியதை வரி வரியாகப் படித்தேன். பிறகு நடந்ததைச் சொல்ல என் பல்வலியைச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை பல் டாக்டரைப் பார்க்க மயிலாடுதுறை போவேன். கோட்டுச்சேரியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனாலே எங்கள் புதுச்சேரி மாநிலம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடும். எல்லையில் பஸ்ஸை நிறுத்தி ஒரு காவலர் ஏறுவார். இந்தப் பக்கத்துச் சரக்கு அந்தப் பக்கம் போகிறதா என்று பையைத் திறக்கச் சொல்வார். முதல் சில மாதம் என் பையையும் கிளறினார். குடை, துண்டு, எக்ஸ்ரே. அப்புறம் என் முகம் பழகிவிட்டது. "சாரா, உக்காருங்க உக்காருங்க" என்று தாண்டிப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் என்னையும் ஒருவர் அடையாளம் வைத்திருக்கிறார். அந்த மாதம் என் பையில் ஒரு பாட்டில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இல்லை, டாக்டருக்கு.

அவனுக்கும் நான் அதைத்தான் செய்தேன். முகமே இல்லாதவன் என்பது ஒன்றுதான் வித்தியாசம். பெயரைப் பார்த்ததும், சரி, போ.

நடுவில் இன்னும் இரண்டு பேர் எங்கிருந்தோ முளைத்தார்கள். வடிகட்டியின் பக்கத்தில் வந்து ஆங்கிலத்தில் திட்டினார்கள். இது உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா? பழைய ஆளுக்கு முடியவில்லை என்றால் உழைக்கிற பையனிடம் பொறுப்பைக் கொடுக்கக் கூடாதா? நான் குறுகிப்போனேன். அவன்தான் தேற்றினான். "அவுங்க கெடக்குறாங்க அண்ணே. நீங்க சாப்பிட்டுப் படுங்க." மூன்று பேரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. எனக்கு ஒரு எதிரி இருப்பதும், அதற்கு எதிராக என் பக்கம் ஒருத்தன் நிற்பதும் வாழ்க்கையில் புதிதாக இருந்தது.

மழைக்காலத்தில் சிக்குன்குனியா வந்தது. மவுஸைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் மகளைப் பார்க்க ஓசூர் போயிருந்தார்கள், அவர்கள் வீட்டுச் சாவி என் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் அப்படித்தான். ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், யாரும் யாரிடமும் எதுவும் எழுதி வாங்குவதில்லை. அந்தச் சாவியைப் பார்த்தபடி படுத்திருந்தபோது அவன் கடிதம் வந்தது. கஞ்சியாவது குடித்தீர்களா என்று கேட்டிருந்தான். "வெளியிடற வேலைய நான் பாத்துக்குறேன் அண்ணே, நீங்க நல்லா ஆனதும் திரும்ப வாங்கிக்குங்க."

ஒரு விரலால் தட்டி, வடிகட்டியின் புதுப் பதிப்புகளை உலகத்துக்கு வெளியிடும் உரிமையை அவனுக்குக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் அதைத்தான் சாவி என்போம். உடம்பு சரியான பிறகு திரும்ப வாங்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பான்.

மூன்று நான்கு பதிப்புகள் ஒழுங்காகவே வெளியிட்டான். பங்குனி வெயிலில் ஒரு சனிக்கிழமை லாத்தா கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, வடிகட்டி புதுசு வந்திருக்குன்னு காட்டுது. போடவா?"

"போடுங்க லாத்தா."

"கீழ வெளியிட்டவர்னு வேற பேரு இருக்கே. யாரு இது?"

"நம்ம தம்பிதான். இப்ப அவன்தான் எல்லாம் பாத்துக்குறான்."

"பாத்திருக்கீங்களா?"

"ரெண்டு வருஷமாப் பேசறோம் லாத்தா."

"பாத்திருக்கீங்களான்னு கேட்டேன்."

"தங்கமான பையன். தெனம் நான் சாப்பிட்டேனான்னு கேப்பான்."

லாத்தா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அதை நானுந்தான் கேக்குறேன். நீங்க எனக்கு எந்தச் சாவியும் குடுக்கலையே."

நான் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்தேன். "கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க லாத்தா. நான் பொறுப்பு."

அவர் போட்டார். நான் சொன்னதால் போட்டார்.

நாலு நாள் கழித்து, புதன்கிழமை, போன் வந்தது. வாய்க்கால் வேலைக்காகத் தெருவைத் தோண்டியதில் அவர் கடைக்கு நெட் போய்விட்டது. "தம்பி, நெட் இல்லன்னா வடிகட்டி அப்படியே நிக்கிது. இது முன்னாடி நெட் இல்லாமத்தானே ஓடும்?"

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றுகிற நிரலுக்கு இணையத்தில் என்ன ஜோலி? ஆனால் கம்பெனி மீட்டிங்கில் இருந்தேன், என் ஒரே வரியைச் சொல்லும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "புதுசுல்ல லாத்தா, அப்படித்தான் இருக்கும். பையன்கிட்ட சொல்றேன்" என்றேன். சொல்லவும் செய்தேன். "சாப்பிட்டீங்களா அண்ணே? சின்னப் பிழைதான், அடுத்த பதிப்புல சரியாயிடும்" என்று பதில் வந்தது. நான் திருப்தியாகச் சாப்பிடப் போனேன்.

அடுத்த புதன்கிழமை காலை மறுபடியும் போன். "இன்னிக்கும் நெட் இல்ல, இன்னிக்கும் நிக்கிது. எனக்கு என்னமோ சரியாப் படல தம்பி."

அன்றைக்குக் கம்பெனிக்கு விடுமுறை. வேறு வேலை இல்லாததால்தான் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுவில் எல்லோரும் பார்க்க வைத்திருந்த நிரலைத் திறந்தேன். சுத்தம். ஒரு வரி கூடுதல் இல்லை. பிறகுதான் மெஸ் ஞாபகம் வந்தது. எங்கள் மெஸ்ஸில் அடுப்படி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திறந்திருக்கும், ஆனால் பார்சல் கட்டுவது பின்கட்டில். நாம் பார்ப்பது அடுப்படியை, வீட்டுக்கு எடுத்துப் போவது பார்சலை. ஆகவே ஆட்கள் இறக்கிக்கொள்கிற கட்டிய பதிப்பைப் பிரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன்.

பார்சலில் ஒரு கோப்பு அதிகமாக இருந்தது. நூறு வரிக்குள்தான். வடிகட்டியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அது எழுந்திருக்கும். பக்கத்துக் கோப்புறைகளில் இருக்கும் ஆவணங்களையும் படங்களையும் ஒரு நகல் எடுத்து எங்கோ ஒரு முகவரிக்கு அனுப்பும். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி படுத்துக்கொள்ளும். அழகாக எழுதியிருந்தான். என்னுடையதைவிடச் சுத்தமாக.

ஸ்கேன் செய்தது, அழிப்பதற்கு முன்பே போயிருக்கிறது. பதினொரு நாளாக லாத்தா ஒவ்வொருவர் பக்கமும் திரையைத் திருப்பி, "பாத்துக்குங்க, அழிச்சாச்சு" என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பதிப்பை நீக்கவில்லை. அவனுக்கு எழுதினேன். "தம்பி, இது என்ன?" எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மெஸ்ஸுக்குப் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் நீக்கத் தோன்றியது. என் சாவியும் இன்னும் செல்லுபடியாக இருந்தது, அதுவரை நல்லது. அவன் உரிமையைப் பறித்தேன். சைபர் குற்றப் புகாரை இணையத்தில் பதிவு செய்தேன், அவனை எனக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். அதெல்லாம் முடித்த பிறகும் கடிதப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். விளக்கம் வருமா என்று பார்த்தேன் என்று சொன்னால் பொய். சாப்பிட்டீங்களா என்று வருமா என்று பார்த்தேன். திருடன் என்று தெரிந்த பிறகு.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவன் கணக்கே இல்லாமல் போயிருந்தது. திட்டின மற்ற இரண்டு பேரும் அதோடு போயிருந்தார்கள். ஒரே நாளில் எனக்கு நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை.

உலகத்துக்கு ஒரு அறிவிப்பு எழுத வேண்டியிருந்தது. முதல் வரைவில் "ஒரு தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதினேன். மழை பெய்துவிட்டது என்பது மாதிரி. இரண்டாவதில், இந்த நிரலுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்று முதல் நாளே சொல்லியிருக்கிறோம் என்று ஆரம்பித்தேன். எல்லா இலவச நிரலோடும் பெரிய எழுத்தில் அப்படி ஒரு பத்தி வரும். நானும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தேன், அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படித்தேன். சட்டப்படி நான் எதற்கும் பொறுப்பில்லை என்று அதில் தெளிவாக இருந்தது. எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்றால், இரண்டு தரம் படித்தேன். பிறகு லாத்தா கடை ஸ்டூல் நினைவுக்கு வந்தது. நான் பொறுப்பு என்று வாயால் சொன்னவன் நான்தானே. மூன்றாவது வரைவில் உள்ளதை எழுதினேன். சாவியை நான் கொடுத்தேன், அனுப்பியதைப் படிக்கவில்லை, ஒருவர் எச்சரித்தும் கவனிக்கவில்லை. தமிழ் எழுத்துக்காக எழுதிய நிரலுக்கு மன்னிப்பை ஆங்கிலத்தில் கேட்டேன்.

திட்டினார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். வெளியிடும் முன் இதை வேறு யார் சரிபார்த்தார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். யாருமில்லை என்று எழுதினேன். வடிகட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் பார்த்த ஒரே ஆள் அவன்தான் என்பதை எழுதவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறிக் காரைக்கால் போனேன். வியாழக்கிழமை என்னை எதிர்பார்க்காத லாத்தா, "என்ன தம்பி, கெழமைய மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"வடிகட்டில ஒரு சின்ன வேலை லாத்தா."

அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். நான் அந்தப் பதிப்பை எடுத்தேன், அது விட்டுச் சென்றதையெல்லாம் துடைத்தேன், பழையதைப் போட்டேன், எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தேன். இருபது நிமிஷம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று அவர் பக்கம் திரும்பினேன். அப்போது ஒரு பெண் வந்தார், துபாயில் இருக்கிற கணவருடைய பாஸ்போர்ட் நகலோடு. பிளாஸ்டிக் கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் அந்தக் காகிதம். லாத்தா ஸ்கேன் செய்தார், அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினார், திரையைத் திருப்பினார்.

"பாத்துக்குங்க மேடம், அழிச்சாச்சு."

அந்தப் பெண் திரையைப் பார்க்கவேயில்லை. "நீங்க சொன்னா சரி லாத்தா. போன வாரமும் உங்ககிட்டதானே பிள்ளைங்க ஆதாரெல்லாம் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கவருக்குள் கவரைப் போட்டுக்கொண்டு போனார்.

"நெட் இல்லாம ஓடுமா இனிமே?" என்று லாத்தா கேட்டார்.

"ஓடும்."

"அப்ப அன்னிக்கு என்ன கோளாறு?"

"சரி பண்ணிட்டேன் லாத்தா."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று இஞ்சி டீயை நீட்டினார். குடித்தேன். நாக்கு சுட்டது. அதற்கு மேல் சுடவேண்டிய இடம் சுடவில்லை போலிருக்கிறது, பஸ் ஏறி வந்துவிட்டேன். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டேன், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவருக்குச் சொல்லவில்லை. வழியெல்லாம் அதற்கு நியாயம் தயாரித்தேன். எதற்கு அவரைக் கலவரப்படுத்துவது, பழையதைப் போட்டாயிற்று, போனது போனதுதானே. கோட்டுச்சேரி வருவதற்குள் நல்ல பலமான நியாயம் ஒன்று தயாராகிவிட்டது. வீட்டைத் திறந்ததும் பல்லியிடம் சொல்லிப் பார்த்தேன். என் குரலில் கேட்க அது அவனுடைய கடிதம் மாதிரி இருந்தது. அவ்வளவு இதம், அவ்வளவு அக்கறை.

அந்தப் பெண்ணின் பிள்ளைகளுடைய ஆதார் யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. லாத்தாவுக்கும் தெரியாது. ஆனால் நாளைக்கு யாராவது அதை வைத்து ஏதாவது செய்தால், அந்தப் பெண் வந்து கேட்கப்போவது லாத்தாவைத்தான். கண் முன்னால் அழித்துக் காட்டியவரைத்தான்.

அடுத்த நாள் மத்தியானம், மெஸ்ஸிலிருந்து வந்ததும் வாட்ஸப்பில் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லலாம்தான். அவர் குரலைக் கேட்டால் மறுபடியும் சின்ன வேலை என்று ஆரம்பித்துவிடுவேன் என்று பயம். எல்லாவற்றையும் எழுதினேன். அவன் யாரென்று எனக்குத் தெரியாது, ஒருநாளும் பார்த்ததில்லை. நீங்கள் கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு போடச் சொன்னேன். நெட் இல்லாமல் நிற்கிறது என்று நீங்கள் முதலில் சொன்னபோது நான் பார்த்திருந்தால் நாலு நாளோடு போயிருக்கும், பதினொன்று ஆகியிருக்காது. அந்த நாட்களில் வந்தவர்களுடைய நகல்கள் வெளியே போயிருக்கின்றன. நேற்று உங்கள் டீயைக் குடித்துக்கொண்டே இதை மறைத்தேன். யாராவது கேட்டால் என்னைக் கை காட்டுங்கள்.

அனுப்பிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஆதலால் தொழுகைக்குக் கடையைச் சாத்தியிருப்பார், மெதுவாகத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். உடனே இரண்டு டிக்கும் நீலமாகின. தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது, நின்றது. அவ்வளவு நீளமாகத் திட்டுகிறார் என்று எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. நீளமாகத் திட்டுகிறவர்கள் சீக்கிரம் சமாதானமாகிவிடுவார்கள். என்ன சொன்னாலும் மன்னிப்பு கேட்டுவிட்டு, சனிக்கிழமை வழக்கம்போல் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடலாம் என்று மனசு அதற்குள் திட்டம் போட்டுவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"நாளைக்கு ஒம்பதுக்குக் கடை தொறப்பேன், வர்றவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க சார்."